வில்லைவிட முக்கியம் விசில்!

“ஸ்கூல்ல ஆர்ச்சரி கிளாஸ் ஆரம்பிக்கிறாங்கம்மா, சேரட்டுமா?” என்று பிள்ளை கேட்டால், பெரும்பாலான வீடுகளில் வரும் முதல் பதில், “கண்ணுல கிண்ணுல பட்டுட்டா?” என்பதுதான்.

அது வீண் பயம் அல்ல. 2020 ஜனவரியில் அசாமில் பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது 12 வயதுச் சிறுமி மீது அம்பு பாய்ந்தது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்து அகற்றினார்கள். நல்லவேளையாக, சிறுமி உயிர் பிழைத்தார்.

அதற்காக வில்லையே தொடக் கூடாதா? தொடலாம், ஒழுங்கு இருந்தால். அமெரிக்காவின் கென்டகி மாநிலத்தில் 2002-ல் உடற்கல்வி வகுப்பிலேயே வில்வித்தையைக் கொண்டுவந்தார்கள். பிறகு பல மாநிலங்களுக்கும் பரவிய அந்தத் திட்டத்தில், வகுப்பை நடத்துவதே விசில்தான்.

* 2 விசில்: வில்லை எடுத்துக்கொண்டு எய்யும் கோட்டுக்கு வரலாம்.
* 1 விசில்: எய்யலாம்.
* 3 விசில்: அம்புகளை எடுத்துவரப் போகலாம்.
* 5 அல்லது அதற்கு மேல்: ஆபத்து! எய்வதை உடனே நிறுத்த வேண்டும்.

எல்லோரும் எய்து முடித்து, வில்லை அதன் இடத்தில் வைத்துவிட்டுப் பின்னால் வந்த பிறகுதான் 3 விசில் ஒலிக்கும். அதாவது, கோட்டைத் தாண்டி ஆள் இருக்கும்போது யார் கையிலும் வில் இருக்காது. பாதுகாப்பின் அடிப்படையே இதுதான்.

எய்து முடித்ததும் ஆபத்து முடிந்துவிடுவதில்லை. பலகையில் குத்தி நிற்கும் அம்பின் பின்முனை, ஓடிவரும் பிள்ளையின் கண்ணில் குத்தலாம். அதனால் நடந்துதான் போக வேண்டும். ஒருவர் அம்பைப் பிடுங்கும்போது அவருக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. அம்பு இல்லாமல் வெறும் நாணை இழுத்து விடவும் கூடாது. வில் உடைந்து தெறிக்கலாம்.

பெற்றோர் ஃபீஸ் கட்டுவதற்கு முன் ஒருநாள் வகுப்பைப் போய்ப் பாருங்கள். இலக்குப் பலகைக்குப் பின்னால் தடுப்பு இருக்கிறதா? அந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் உண்டா? எல்லோரும் ஒரே நேரத்தில் எய்து, ஒரே நேரத்தில் நிறுத்துகிறார்களா? பயிற்சி பெற்ற ஆசிரியர் கடைசிவரை கூடவே நிற்கிறாரா? இதில் ஒன்றுக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தாலும், தயங்காமல் பள்ளியில் பேசுங்கள்.

பிள்ளை வீடு திரும்பியதும், “எத்தனை அம்பு நடுவுல பட்டுச்சு?” என்று கேட்பதற்கு முன், “எந்த விசிலுக்கு அம்பு எடுக்கப் போவீங்க?” என்று கேளுங்கள். டக்கென்று பதில் வந்தால், அங்கே ஒழுங்காகத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள்.