அண்ணியும் முன் கண்ணாடியும்

"தம்பி! நீங்க படிச்சவங்க. இந்தக் கண்ணாடியை மாத்தணுமா, வேண்டாமா? நீங்களே பார்த்துச் சொல்லுங்க!"

தர்மபுரியில் அண்ணன் வீட்டு வாசலில் இறங்கிப் பையைக் கீழே வைப்பதற்குள் அண்ணி வழக்குத் தொடுத்துவிட்டாள். பிரதிவாதியான அண்ணன் நாற்காலியில் சாய்ந்து பேப்பர் படித்துக் கொண்டிருந்தார்.

"கீறலாம், பெரிய கீறல்! மயிரிழை மாதிரி ரெண்டு கோடு. அதுக்குப் புதுக் கண்ணாடி வேணுமாம். பணம் என்ன மரத்திலா காய்க்குது?" என்றார் அவர்.

காரின் முன்னால் போய் நின்று பார்த்தேன். வைப்பர் போய் வரும் பாதையில், ஓட்டுகிறவர் பக்கமாக, பிறை நிலாவைப் போல் மெல்லிய கோடுகள். நிழலில் நின்ற வண்டியில் அவை பிரமாதமாக ஒன்றும் தெரியவில்லை. விருந்துக்கு வந்தவன் வம்புக்குப் போகலாமா? "ரொம்பப் பெரிதில்லை போலிருக்கிறதே!" என்று மென்று விழுங்கினேன்.

அண்ணி பதில் பேசவில்லை. "சாயங்காலம் ஓமலூருக்கு அம்மாவைப் பார்க்கப் போறேன். கூட வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

மார்கழி மாதம்; மணி ஐந்து இருக்கும். தர்மபுரியிலிருந்து தொப்பூர் போகும் சாலை தென்மேற்காகச் சாய்ந்து போகிறது. மாலைச் சூரியன் வலது முன்புறத்தில் நின்று கொண்டிருந்தான். ஒரு வளைவு திரும்பியதும் கண்ணாடியில் வெள்ளிச் சரிகையை விரித்துப் போட்டது போல் ஒரே பளபளப்பு! முன்னால் போய்க் கொண்டிருந்த லாரி மறைந்தே போயிற்று. நான் இருக்கையின் விளிம்பை இறுகப் பற்றினேன். அண்ணி நிதானமாக வேகத்தைக் குறைத்தாள்.

"போன வாரம் இங்கேதான் ஒரு பாட்டி ஆட்டை ஓட்டிக்கிட்டுக் குறுக்கே வந்தாங்க. ஆடு கத்தலேன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது, தம்பி."

"அண்ணனிடம் சொன்னீர்களா?"

"எப்படிச் சொல்றது? சொன்னா, 'இனிமே காரையே தொடாதே'ன்னுடுவார். அப்புறம் அம்மாவை யார் பார்க்கிறது?"

எனக்குப் பேச்சு எழவில்லை. அதற்கப்பால்தான் தொப்பூர்க் கணவாய் இறக்கம். 2020 டிசம்பரில் அங்கே ஒரு லாரி வரிசையாக நின்ற வண்டிகளின் மேல் மோதி நால்வர் உயிரிழந்த செய்தியைப் பலர் படித்திருப்பீர்கள். அந்த விபத்துக்கும் கீறலுக்கும் சம்பந்தம் இல்லைதான். ஆனாலும் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், ஒரே ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடுகிறது. அந்த ஒரு விநாடி கண் தெரியாமல் இருக்கக்கூடிய இடமா அது?

மறுநாள் அண்ணியுடன் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனேன். அங்கிருந்த பெரியவர் முதலில் கோட்டின் குறுக்கே நகத்தால் மெல்லத் தடவிப் பார்த்தார். "நகம் தடுக்காமல் வழுக்கிக் கொண்டு போனால் மேலோட்டமான கீறல். சீரியம் ஆக்சைடு என்ற பொடியைக் குழைத்துத் தேய்த்துப் பார்க்கலாம். நகம் மாட்டினால் ஆழமான கீறல். அதைப் போக்கச் சுற்றிலும் கண்ணாடியையே தேய்த்துக் குறைக்க வேண்டும். அப்போது அந்த இடம் பள்ளமாகி, எதிரே வருவதெல்லாம் நெளிந்து தெரியும்" என்றார். அண்ணியின் கண்ணாடியில் நகம் மாட்டியது.

கல் தெறித்து விழும் சிறு பொத்தல் வேறு ரகம். அது ஒரு ரூபாய்க் காசுக்குள் அடங்கி, ஓட்டுகிறவரின் பார்வைக்கும் ஓரத்துக்கும் விலகி இருந்தால், பிசின் செலுத்தி அடைத்துவிடலாம். உடனே செய்ய வேண்டும். வெயிலும் குலுக்கலும் சேர்ந்தால் பொத்தல் விரிசலாக ஓடிவிடும். நீண்டு ஓடிய விரிசலுக்கு மாற்றுவதுதான் வழி.

கார்களின் முன் கண்ணாடி ஒற்றைக் கண்ணாடி அல்ல. இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் ஏடு ஒட்டியிருக்கிறது. உடைந்தாலும் தூளாகி முகத்தில் கொட்டாமல் பிடித்துக் கொள்வது அதுதான். விபத்தில் காற்றுப் பை விரியும்போது, பல கார்களில் பக்கத்து இருக்கைப் பைக்கு முட்டுக் கொடுப்பதும் இந்தக் கண்ணாடியே. ஆகவே மாற்றும்போது ஒட்டும் பசையில் சிக்கனம் பார்க்கக் கூடாது. பசை இறுகக் கடைக்காரர் சொல்லும் நேரம்வரை வண்டியை எடுக்கவும் கூடாது. கண்ணாடியின் பின்னால் காமிரா உள்ள புது மாடல் கார் என்றால், அதையும் மறுபடி சரி பார்த்து அமைக்க வேண்டும். அந்தச் செலவையும் முன்கூட்டியே கேட்டுக் கொள்ளுங்கள்.

இன்ஷூரன்ஸ்? கல்லடி பட்டு உடைந்தால் முழு பாலிசியில் வழக்கமாகப் பணம் கிடைக்கும். நாள்பட்ட தேய்மானக் கீறலுக்குப் பொதுவாகக் கிடைக்காது. கிடைக்கும்போதும், பணம் கேட்காத வருஷங்களுக்காகத் தரும் தள்ளுபடி போய்விடுமா என்று விசாரித்துக் கணக்குப் பாருங்கள். அது 20 சதவிகிதத்தில் தொடங்கி 50 வரை ஏறுகிற தள்ளுபடி!

சரி, இந்தக் கீறல் எப்படி வந்தது? தர்மபுரிச் சீமை கல் பூமி. புழுதியில் வெங்கச்சங்கல்லின் பொடி கலந்திருக்கிறது. அது கண்ணாடியைவிடக் கடினமானது. காய்ந்த ரப்பரோடு வைப்பரை ஓட்டினால், அரிசி களைந்த கையோடு கண்ணாடித் தம்ளரை மணல் போட்டுத் துலக்கிய கதைதான். முதலில் தண்ணீர் ஊற்றிப் புழுதியைக் கழுவ வேண்டும். அப்புறந்தான் துணி, அப்புறந்தான் வைப்பர். வெயிலில் ரப்பர் விறைத்துப் போனால் வருஷம் பார்க்காமல் மாற்றிவிட வேண்டும்.

இந்த வைப்பரை 1903-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் மேரி ஆண்டர்ஸன் என்ற பெண்மணி. நியூயார்க்கில் டிராமில் போனபோது, கண்ணாடியில் படியும் பனியால் டிரைவர் பட்ட பாட்டைக் கண்டு யோசித்தாராம். அதனால் அவருக்குக் காலணா லாபம் கிடைக்கவில்லை. ஆனால் டிரைவரின் சிரமத்தை அவர் டிராமுக்குள்ளே உட்கார்ந்து பார்த்தார், பாருங்கள், விஷயம் அங்கேதான் இருக்கிறது!

அன்று மாலை அண்ணனைக் கையைப் பிடித்து இழுத்துப் போய், மேற்கே பார்த்து நிறுத்தியிருந்த காரில் டிரைவர் இருக்கையில் உட்கார வைத்தேன். ஆட்டுக் கதையை அண்ணியே சொன்னாள். அண்ணன் கண்ணை இடுக்கிக் கொண்டு வெகு நேரம் எதிரே பார்த்தார்.

"நாளைக்கே மாத்திடலாம்" என்றார் கடைசியில். அப்புறம் தணிந்த குரலில், "இதை ஏன் நீ முன்னாடியே சொல்லலே?" என்று கேட்டார்.

"கண்ணாடியைப் பாருங்கன்னு பத்து தடவை சொன்னேன். நீங்க வெளியே நின்னே பார்த்தீங்க" என்றாள் அண்ணி.