கட்டடத்துக்கு விலை சொல்வது யார்?



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, "கவிதை மட்டும் வேண்டாம்ப்பா, போன வருஷமே மலர் பூரா கவிதைதான்" என்றும் சேர்த்துச் சொன்னார். ஆகவே பணத்தைப் பற்றி எழுதுகிறேன். நம்மில் பலரிடம் இல்லாத பொருள் என்பதால் தைரியமாக எழுதலாம்.

நான் சிவில் மூன்றாம் ஆண்டு. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். அப்பா சென்ட்ரிங் வேலை. காலை நாலரை மணிக்குக் கிழக்குத் தாம்பரம், சேலையூர் பக்கம் பேப்பர் போட்டுவிட்டுத்தான் கல்லூரிக்கு வருகிறேன். லைன் முடிந்து நான் டீ குடிக்கும் கடைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பெரியவர்கள் வருவார்கள். ஒருவர் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், இன்னொருவர் பேங்க்கில். நடைப்பயிற்சி முடித்து, சர்க்கரை இல்லாத டீயும் சர்க்கரை தூவின பன்னும் சாப்பிட்டுக்கொண்டு சண்டை போடுவார்கள். அரசியல், கிரிக்கெட் எதுவும் கிடையாது. "ரீட்" யூனிட்டுக்கு இந்த விலை தகுமா, தகாதா என்பதுதான் சண்டை.

ரீட் என்றால் ரியல் எஸ்டேட் முதலீட்டு அறக்கட்டளை. பெரிய ஆபீஸ் கட்டடங்களையும் மால்களையும் ஒரு அறக்கட்டளையின் கீழே வைத்து, அதைச் சின்னச் சின்ன யூனிட்டாகப் பிரித்துப் பங்குச் சந்தையில் விற்பது. சொத்தில் 80 சதவீதமாவது கட்டி முடித்து வாடகை வருகிறதாக இருக்க வேண்டும். கைக்கு வரும் பணத்தில் 90 சதவீதத்தை யூனிட் வைத்திருப்பவர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும் என்பது செபி விதி. விதிமுறை வந்தது 2014-ல். முதல் ரீட்டான பெங்களூர் எம்பஸி ஆபீஸ் பார்க்ஸ் 2019 ஏப்ரலில்தான் சந்தைக்கு வந்தது, யூனிட் ரூ.300. பிறகு 2020-ல் மைண்ட்ஸ்பேஸ், 2021-ல் புரூக்ஃபீல்டு, 2023-ல் நெக்ஸஸ், 2025-ல் நாலெட்ஜ் ரியால்டி. நாம் ஒன்றும் வாங்காமல் ஏசியில் சுற்றிவிட்டு வருகிற வடபழனி விஜயா மால் இருக்கிறதே, அது நெக்ஸஸில் அடக்கம்.

நம்மவர்களுக்கு இது புதுசு. ஆனால் தரமணி டெக் பார்க்கின் வாடகை 2007-லிருந்தே சிங்கப்பூர் பங்குச் சந்தையில் வியாபாரமானது, அசெண்டாஸ் இந்தியா டிரஸ்ட் என்ற பெயரில். தரமணியில் சாலை ஓரம் இட்லி விற்ற அக்காவுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

2019-ல் எம்பஸி வெளியீட்டில் சேர வேண்டுமென்றால் குறைந்தது 800 யூனிட், அதாவது ரூ.2,40,000. நம் வீடுகளுக்கு அந்தக் கதவு சாத்தியே இருந்தது. 2021-ல் செபி விதியைத் தளர்த்திய பிறகு ஒரே ஒரு யூனிட்டைக்கூடச் சந்தையில் வாங்கலாம் என்றாயிற்று. ரயில்வே சார் அப்போதுதான் உள்ளே போனார்.

அவர் வாதம் எளிமையானது. "முந்நூறுக்கு வந்தது. 2020 ஆரம்பத்துல நானூறைத் தாண்டிப் போச்சு. 2023-ல திரும்பவும் முந்நூறு பக்கத்துல வந்து நின்னுச்சு. அதே காலத்துல இந்த சேலையூர்ல மனை என்ன விலை ஏறிச்சு? இதுக்குப் பேரு நிலமா?"

பேங்க் சார் விடமாட்டார். "நிலத்தை ஏன்யா பார்க்கிறே? நிகர சொத்து மதிப்புன்னு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கணக்குப் போட்டு வெளியிடறான். சந்தை விலை அதுக்குக் கீழே இருந்தா, நூறு ரூபாய் சாமானை எண்பதுக்குக் குடுக்கறான்னு அர்த்தம். வாங்கிப் போடு."

"அப்படின்னா அந்த நூறுக்கு ஒருத்தன் வந்து வாங்கலாமில்ல? ஏன் வரலை?"

இந்த இடத்தில் எப்போதும் டீ ஆறிவிடும். பல ஞாயிறுகள் சும்மா கேட்டுக்கொண்டிருந்தேன். பேப்பர் போடுகிற பையன் வாயைத் திறப்பது அழகல்லவே. ஆனால் நம் எஸ்டிமேஷன் வகுப்பில் வேல்யூவேஷன் பாடம் நடத்திய வாரம் எனக்கு நாக்கு துறுதுறு என்றது.

உங்களுக்கும் நினைவிருக்கும். நிகர வாடகையை "இயர்ஸ் பர்ச்சேஸ்" என்கிற எண்ணால் பெருக்கினால் கட்டடத்தின் மதிப்பு. அந்த எண் எங்கிருந்து வருகிறது? நூறை வட்டி விகிதத்தால் வகுத்தால் வருகிறது. பரீட்சையில் "8 சதவீதம் எனக் கொள்க" என்று கேள்வியிலேயே கொடுத்துவிடுவார்கள், நாமும் கொண்டுவிடுவோம். இப்போது ஒரு கட்டடத்தின் நிகர வாடகை வருஷம் ரூ.10 லட்சம் என்று வையுங்கள். 8 சதவீதம் என்றால் பன்னிரண்டரை மடங்கு, மதிப்பு ரூ.1 கோடியே 25 லட்சம். 7 சதவீதம் என்றால் ரூ.1 கோடியே 43 லட்சம். 9 சதவீதம் என்றால் ரூ.1 கோடியே 11 லட்சம். ஒரு செங்கல் நகரவில்லை, ஒரு குடித்தனக்காரர் காலி செய்யவில்லை. 32 லட்சம் வித்தியாசம்!

பேப்பரின் ஓரத்திலேயே இதைப் போட்டுக் காட்டினேன். "சார், நிகர சொத்து மதிப்புங்கறதும் இப்படித்தானே? மதிப்பீட்டாளர் ஒரு விகிதத்தை எடுத்துக்கறார். அதை மாத்தினா நூறு எண்பதாகும், எண்பது நூறாகும்."

பேங்க் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் சொன்னதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: ரீட் மதிப்பீடு நம் பாடத்தைப் போல ஒரு வரிக் கணக்கு அல்ல. பத்து வருஷத்துக்கு வரப்போகிற வாடகையை ஒவ்வொரு வருஷமாகப் போட்டு, காலியிடம், செலவு எல்லாம் கழித்து, இன்றைய மதிப்புக்குக் கொண்டு வருகிறார்கள். சரிதான். ஆனால் கடைசியில் பத்தாம் வருஷத்துக்குப் பிறகு கட்டடம் என்ன பெறும் என்ற இடத்தில் அதே விகிதம் மறுபடி வந்து உட்கார்ந்துகொள்கிறது. நீளமான பாதை, அதே ஊர்.

ஆகவே என் கட்சி இது. சொத்து மதிப்பை விட விலை குறைவு, எனவே மலிவு என்பது பாதி வாதம்தான். யூனிட்டின் விலையும் ஒரு வட்டி விகிதத்தைத்தான் சொல்கிறது, அதைத் தினமும் வெளிப்படையாகச் சொல்கிறது. எம்பஸி இத்தனை வருஷமாக யூனிட்டுக்கு வருஷம் சுமார் 21 ரூபாயிலிருந்து 25 ரூபாய்க்குள்தான் பிரித்துக் கொடுத்து வந்திருக்கிறது. 21 ரூபாய்க்காக 420 கொடுத்தால் 5 சதவீதம், 300 கொடுத்தால் 7 சதவீதம். 2022 மே வரை ரிசர்வ் வங்கியின் ரெப்போ 4 சதவீதம். 2023 பிப்ரவரியில் அது 6.5 ஆகிவிட்டது. பேங்க் டெபாசிட்டே ஏழு சதவீதம் தருகிற காலத்தில் ஐந்து சதவீதத்துக்கு யார் யூனிட் வாங்குவார்? விலை முந்நூறு பக்கம் இறங்கியதில் சந்தை பைத்தியக்காரத்தனம் எதுவும் செய்யவில்லை. 2025-ல் ரெப்போ படிப்படியாக 5.25-க்கு இறங்கியபோது யூனிட்டும் நானூறை ஒட்டி ஏறியது. (அந்த 2023-ல் பிளாக்ஸ்டோன் தன் கையிருப்பை முழுக்க விற்று வெளியேறியதும் ஒரு காரணம் என்பார் பேங்க் சார். இருக்கலாம். சந்தையில் ஒரே ஆள் மூட்டை மூட்டையாகக் கத்திரிக்காய் இறக்கினால் விலை விழத்தானே செய்யும்.)

இன்னொன்றும் உண்டு. அந்த 21 ரூபாய் முழுக்க வாடகை லாபம் என்று நினைக்கக் கூடாது. வட்டி, டிவிடெண்ட் போக, "கடன் திரும்பச் செலுத்தியது" என்று ஒரு பகுதி வரும். அந்தப் பகுதிக்குப் பெரும்பாலும் உடனே வரி இல்லை, நீங்கள் வாங்கிய விலையிலிருந்து கழித்துக்கொள்வார்கள் என்பது 2023 பட்ஜெட்டுக்குப் பிறகான முறை. ரயில்வே சாருக்கு இதில் மகா கோபம். "என் பாக்கெட்ல இருந்து எடுத்து எனக்கே குடுத்துட்டு வருமானம்னு சொல்றான்" என்பார். முழுக்கச் சரியில்லை என்றாலும் முழுக்கத் தப்பும் இல்லை.

எம்பஸி 2024-ல் சென்னைக்குள் வந்தது. பல்லாவரம் துரைப்பாக்கம் ரேடியல் ரோட்டில் உள்ள ஸ்ப்ளெண்டிட் டெக்ஸோனை ரூ.1,185 கோடி மதிப்புக்கு வாங்கியது. 1,185 கோடி என்றால் எத்தனை சைபர் என்று என் தங்கை விரல்விட்டு எண்ணினாள். அந்தச் சாலையில் அப்பா பல கட்டடங்களுக்கு சென்ட்ரிங் அடித்திருக்கிறார். விஷயத்தைச் சொன்னபோது சோற்றுக் கையோடு நிமிர்ந்து பார்த்தார். "நான் பலகை அடிச்ச ரோட்டுல நானூறு ரூவாய்க்கு எனக்குப் பங்கா? காத்துல விக்கிறானுங்களா?"

அப்பாவின் பயத்துக்கு வரலாறு இருக்கிறது. தாத்தா தொண்ணூறுகளில் ஒரு நிதி நிறுவனத்தில் போட்ட பணம் போனது போனதுதான். ரசீது மட்டும் இன்றைக்கும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. தேக்கு வளர்த்துத் தருகிறோம் என்ற அனுபவ் 1998-ல் விழுந்ததையும், மாதம் முப்பது சதவீதம் வரை தருகிறோம் என்ற ஆருத்ரா 2022-ல் போலீஸ் வழக்கானதையும் பார்த்த ஊர் இது. காகிதம் என்றாலே நம் வீடுகளில் வயிற்றைக் கலக்கும். ஆகவே சீட்டு எடுத்த ஒன்றரை லட்சத்தை ஊரப்பாக்கத்துக்கு அந்தாண்டை ஒரு மனைக்கு முன்பணமாகக் கொடுத்துவிடலாம் என்று அப்பா முடிவே செய்துவிட்டார். தங்கை படிப்புக்கான பணம் அது. புரோக்கர் இரண்டு தடவை வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டுப் போனார்.

இங்கேதான் எனக்கும் அப்பாவுக்கும் முதல் சண்டை. "படிச்சவன் நீ சொல்லு" என்பார், சொன்னால் "நேத்துப் பொறந்தவன்" என்பார். முதல் தலைமுறையாகப் படிக்க வந்த எல்லோருக்கும் இது பழகியதுதான். நான் கேட்டது ஒரே கேள்வி. "அந்த மனைக்கு வாடகை என்னப்பா வரும்?" மனைக்கு எங்கேயிருந்து வாடகை வரும்? வராது. யூனிட்டுக்கு 5 சதவீதமா 7 சதவீதமா என்று மல்லுக்கு நிற்கிற ஊரில், ஒரு பைசா வராத மனைக்கு யாரும் கணக்கே கேட்பதில்லை. ஏறும், ஏறும் என்ற நம்பிக்கை ஒன்றுதான் அதன் இயர்ஸ் பர்ச்சேஸ். முடிச்சூரில் எங்களுக்கு இருக்கும் அரை கிரவுண்டில் 2015 டிசம்பரில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. அப்போது எனக்கு ஏழு வயசு, அப்பா தோளில் உட்கார்ந்து வெளியே வந்தேன். அந்த வருஷம் அந்த மனையை யாராவது என்ன விலைக்குக் கேட்டார்கள்? விலைப்பலகை இல்லாததால் விலை குறையவில்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

அதற்காக யூனிட்தான் உத்தமம் என்று கொடி பிடிக்கவில்லை. ஆபீஸ் காலியானால் அதுவும் படுக்கும். கொரோனாவுக்கு முன் எம்பஸி கட்டடங்களில் 90 சதவீதத்துக்கு மேல் நிரம்பியிருந்தது, பிறகு 85 சதவீதம் அளவுக்கு இறங்கியது. அந்த அறிக்கை மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் வரும். ரேடியல் ரோட்டு டீ மாஸ்டருக்கும் ஷேர் ஆட்டோ அண்ணனுக்கும் அது அன்றன்றைக்கே தெரியும். பால் எத்தனை லிட்டர் வாங்கினார் என்று கேட்டாலே போதும்! தண்ணீரும் இருக்கிறது. ரேடியல் ரோடு போவதே பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஊடறுத்து. 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த சதுப்பு அது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணையும் பெரும்பாக்கமும் என்ன பாடுபட்டன என்பதை நம் வகுப்பிலேயே பலர் கண்ணீரோடு சொல்வார்கள். மதிப்பீட்டாளரின் விகிதத்தில் அந்தத் தண்ணீருக்குக் கால் சதவீதமாவது சேர்த்திருக்க வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

நம் எஸ்டிமேஷன் தாளில் "8 சதவீதம் எனக் கொள்க" என்று கொடுக்கிறார்களே, அதை ஒரு முறையாவது கொடுக்காமல் விட்டு, "ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு கட்டடம், விகிதத்தை நீயே முடிவு செய், ஏன் என்று எழுது" என்று கேட்டால் என்ன? பாதிப் பேர் பெயிலாவோம், பரவாயில்லை. டிப்ளமா முடித்து சைட்டுக்குப் போகிறோம், கொத்தனாருக்கும் மேஸ்திரிக்கும் கணக்குச் சொல்கிறோம். நாம் எழுப்புகிற கட்டடத்துக்கு விலை வைக்கிற கணக்கில் மட்டும் எவரோ கொடுத்த எண்ணை அப்படியே எழுதிக்கொள்கிறோம்.

பணம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். முன்பணம் கொடுக்கவில்லை. ஒன்றரை லட்சமும் தங்கை பேரில் போஸ்ட் ஆபீஸில் இருக்கிறது. அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பதினெட்டு வயசு முடிந்ததும் நான் டீமேட் கணக்கு திறந்து, பேப்பர் போட்ட காசில் பத்து யூனிட் வாங்கினேன். மூன்று மாதம் கழித்து அறுபது ரூபாய்க்குப் பக்கமாக வங்கியில் வரவானது. போனில் அப்பாவிடம் காட்டினேன். அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"வாடகைன்னு போட்டிருக்கா?"

"இல்லப்பா. வட்டி, டிவிடெண்ட், கடன்னு மூணா போட்டிருக்கு."

"அந்தக் கடன் எம்மாம்?" என்று கேட்டார்.

இருவரும் உட்கார்ந்து பிரித்துப் போட ஆரம்பித்தோம்.