பறக்காத யோகிகள்

டிசம்பர் 21-ம் தேதியை உலகத் தியான தினமாகக் கடைப்பிடிப்பது என்று 2024 டிசம்பரில் ஐ.நா. பொதுச் சபை தீர்மானம் நிறைவேற்றியது. தீர்மானத்தைக் கொண்டுவந்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ஜூன் 21-ல் யோகா, டிசம்பர் 21-ல் தியானம் என ஆண்டுக்கு இருமுறை உலகம் இந்தியாவை நினைத்துக்கொள்ள வழி செய்யப்பட்டிருக்கிறது. தலைநகரில் இதற்காகப் பெருமைப்படுவோர் ஏராளம். பெருமைப்படுவதில் தவறும் இல்லை. ஆனால், தியானத்தை உலகச் சந்தைக்கு முதன்முதலில் பெரிய அளவில் கொண்டுசென்ற இயக்கத்தின் கதையை முழுமையாகப் படிக்க இங்கு யாருக்கும் மனம் வரவில்லை. அந்தக் கதையில் வெற்றி பாதிதான். மீதிப் பாதி, நம்பி வந்தவர்களின் ஏமாற்றம்.

ரிஷிகேஷில் கங்கையின் கிழக்குக் கரையில், ராஜாஜி புலிகள் காப்பகத்தின் விளிம்பில் இருக்கிறது "சௌராசி குடியா". மகரிஷி மகேஷ் யோகியின் ஆசிரமம். உத்தரப் பிரதேச வனத்துறையிடமிருந்து சுமார் 14 ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்குப் பெற்று 1960-களின் தொடக்கத்தில் அமைக்கப்பட்டது. 1981-ல் குத்தகை முடிந்தது. பின்னர் ஆசிரமம் கைவிடப்பட்டு, கட்டடங்களுக்குள் காடு புகுந்தது. 2015-ல் வனத்துறை அதைச் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்துவிட்டது. கட்டணம் செலுத்தி உள்ளே சென்றால் கூழாங்கற்கள் பதித்த குவிமாடக் குடில்களையும், இடிந்த மண்டபங்களின் சுவர்களில் பிற்காலத்தில் வரையப்பட்ட பீட்டில்ஸ் ஓவியங்களையும் பார்க்கலாம். தியானம் செய்ய வருவோரைவிடப் புகைப்படம் எடுக்க வருவோரே அதிகம்.

ஜபல்பூர் பகுதியைச் சேர்ந்த மகேஷ், அலகாபாத் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயின்றவர். ஜோதிர்மடத்தின் சங்கராசாரியராக இருந்த பிரம்மானந்த சரஸ்வதிக்கு 1953-ல் அவர் மறையும்வரை செயலாளராகப் பணிபுரிந்தார். பிறப்பால் பிராமணர் அல்லாததால் மடத்தின் பீடம் அவருக்கு எட்டாத ஒன்று. மடத்தில் இடமில்லாதவர் உலகையே மடமாக்கிக்கொள்ளப் புறப்பட்டார். அந்தப் பயணத்தின் முதல் அடி தமிழ் மண்ணில்தான் வைக்கப்பட்டது என்பது பலர் அறியாத செய்தி. ஆன்மிக மறுமலர்ச்சி இயக்கம் என்ற அவரது அமைப்பு 1957-58-ல் சென்னையில்தான் அறிவிக்கப்பட்டது.

அவர் சொன்னது மிக எளிமையானது. துறவு வேண்டாம், நம்பிக்கைகூட வேண்டாம். ஒரு மந்திரத்தைக் காலையும் மாலையும் இருபது நிமிடம் மனதுக்குள் சொன்னால் போதும். ஆழ்நிலைத் தியானம் என்று அதற்குப் பெயர். வியத்நாம் போரும் போதைப் பழக்கமும் மேலைநாட்டு இளைஞர்களைத் தின்றுகொண்டிருந்த காலம் அது. பட்டு வேட்டி, மார்பில் தவழும் தாடி, கையில் மலர், எதற்கெடுத்தாலும் குழந்தைபோன்ற சிரிப்பு. அந்தச் சிரிப்பே பாதி உபதேசமாக வேலை செய்தது.

1967 ஆகஸ்டில் லண்டனில் அவர் பேச்சைக் கேட்ட பீட்டில்ஸ் இசைக்குழுவினர், 1968 பிப்ரவரியில் ரிஷிகேஷுக்கே வந்து சேர்ந்தனர். உலகப் பத்திரிகைகள் ஆசிரமத்தின் வாசலில் காத்துக் கிடந்தன. ஆனால், ரிங்கோ ஸ்டார் பத்து நாள்களில் ஊர் திரும்பினார். மார்ச் இறுதியில் பால் மெக்கார்ட்னி கிளம்பினார். ஏப்ரலில் ஜான் லெனனும் ஜார்ஜ் ஹாரிசனும் கசப்போடு வெளியேறினர். பெண்கள் விஷயத்தில் குரு நெறி தவறினார் என்று ஆசிரமத்துக்குள் பரவிய வதந்தியே அதற்கு உடனடிக் காரணம். அந்தக் குற்றச்சாட்டு ஒருபோதும் நிரூபிக்கப்படவில்லை. பின்னாளில் ஹாரிசனே அதை நம்பவில்லை. 1992-ல் மகரிஷியின் கட்சிக்காக லண்டனில் மேடையேறிப் பாடவும் செய்தார். ஆகவே, வதந்தியை வைத்து மகரிஷியை எடைபோடுவது நியாயமாகாது. எடைபோட வேறு சான்றுகள் இருக்கின்றன. அவை வதந்திகள் அல்ல. நீதிமன்ற ஆவணங்களும் இயக்கத்தின் சொந்த விளம்பரங்களும்தான்.

முதலாவது, இரட்டை வேடம். அமெரிக்காவில் ஆழ்நிலைத் தியானம் "விஞ்ஞானம்" என்று சொல்லப்பட்டது. நியூஜெர்சி மாநில அரசுப் பள்ளிகளில் பாடமாகவும் வைக்கப்பட்டது. மந்திரம் பெறும் நாளில் மாணவர்கள் பழமும் பூவும் கைக்குட்டையும் கொண்டுவர வேண்டும். பிரம்மானந்த சரஸ்வதியின் படத்துக்கு முன் சம்ஸ்கிருதத்தில் பூஜை நடக்கும். இது மதச் சார்பானதே என்று 1977-ல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1979-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அங்கே விஞ்ஞானம், இங்கே வேதம். கேட்பவருக்கு ஏற்பப் பெயரை மாற்றிக்கொள்ளும் ஒன்றை நம்பி வாழ்க்கையை ஒப்படைத்தவர்கள், ஒருநாள் தமக்குச் சொல்லப்பட்டது எது என்று குழம்பியதில் வியப்பில்லை.

மந்திரமும் அப்படித்தான். ஒவ்வொருவருக்கும் பொருத்தமாகத் தேர்ந்து தரப்படுவது, வெளியே சொல்லக் கூடாதது என்று சொல்லித்தான் அது வழங்கப்பட்டது. இயக்கத்தைவிட்டு விலகிய பயிற்சியாளர்கள் பலர் பின்னர் வெளிப்படுத்திய உண்மை வேறு. கையளவே உள்ள ஒரு பட்டியலிலிருந்து, பெரும்பாலும் வயதை மட்டும் பார்த்து, மந்திரங்கள் பகிரப்பட்டன. ரகசியக் காப்பு இல்லாதிருந்தால் பக்கத்தில் அமர்ந்திருப்பவரிடம் கேட்டே இதைத் தெரிந்துகொண்டிருக்கலாம்.

1970-களின் நடுப்பகுதியில் புதிதாகச் சேருவோர் எண்ணிக்கை குறையத் தொடங்கியது. அந்த நேரத்தில்தான் "சித்தி" பயிற்சி அறிமுகமானது. பதஞ்சலி சூத்திரங்களில் சொல்லப்படும் சித்திகளைப் பெறலாம், அந்தரத்தில் எழும்பலாம் என்று அறிவிக்கப்பட்டது. கட்டணமோ பல மடங்கு. 1986-ல் வாஷிங்டனில் செய்தியாளர்களை அழைத்து "யோகப் பறத்தல்" நிகழ்த்திக் காட்டினர். மெத்தை விரித்த தரையில் பத்மாசனமிட்ட இளைஞர்கள் தவளைகளைப்போல் தத்தித் தத்திச் சென்றதைத்தான் அவர்கள் பார்த்தனர். இது முதல் கட்டம்தான், மிதப்பதும் பறப்பதும் அடுத்தடுத்த கட்டங்கள் என்று விளக்கம் தரப்பட்டது. அந்த அடுத்த கட்டத்தை இன்றுவரை எவரும் பார்க்கவில்லை.

பதினோரு ஆண்டுகள் இயக்கத்தில் இருந்துவிட்டு விலகிய ஒருவர், பறக்கலாம் என்று தம்மை ஏமாற்றியதாகவும் மனநலம் பாதிக்கப்பட்டதாகவும் அமெரிக்காவில் வழக்குத் தொடர்ந்தார். 1987-ல் நடுவர் குழு அவருக்கு ஏறத்தாழ 1.38 லட்சம் டாலர் இழப்பீடு வழங்கியது. மறு ஆண்டே மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தாகிவிட்டது. சட்டத்தின் பார்வையில் வெற்றி தோல்வி எதுவாயினும், பறக்கலாம் என்று நம்பிப் பதினோரு ஆண்டுகளைச் செலவிட்ட ஒருவர் இருந்தார் என்பது மாறவில்லை. அவர் ஒருவர் மட்டும் அல்ல என்பதுதான் வேதனை.

இத்தகைய ஏமாற்றம் உடனே வெளியே தெரிவதில்லை. அதற்கு இயக்கத்துக்குள்ளேயே ஏற்பாடு இருந்தது. தியானத்தில் மனம் அமைதியடைந்தால் அது பயிற்சியின் பலன். தலைவலியோ, தூக்கமின்மையோ, அழுகையோ வந்தால் அது உடலில் தேங்கிய இறுக்கம் வெளியேறுகிறது என்பதற்கு அடையாளம். ஆகவே அதுவும் பயிற்சியின் பலனே. இப்படி ஒரு விளக்கம் இருக்கும்வரை எந்த அனுபவமும் குருவுக்கு எதிரான சாட்சியாக முடியாது. பலன் கிட்டாதவர் தன்னைத்தான் நொந்துகொள்வார். அடுத்த நிலைப் பயிற்சிக்குப் பணம் கட்டுவார். கடைசியில் விலகும்போது படிப்பும் வேலையும் விட்டுப்போய்ப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். நண்பர்கள் அனைவரும் இயக்கத்துக்குள்ளேயே இருப்பார்கள். விலகியவர் மௌனமாகிவிடுவதற்கு வெட்கம் மட்டும் காரணமில்லை.

இயக்கத்தின் ஆசை தனிமனிதரோடு நிற்கவில்லை. மக்கள்தொகையில் ஒரு சதவீதத்தினர் தியானம் செய்தால் குற்றங்கள் குறையும் என்றனர். பிறகு, சித்தி பயின்றவர்கள் கூடி அமர்ந்தால் ஒரு சதவீதத்தின் வர்க்கமூலமே போதும் என்றனர். இந்தக் கணக்குப்படி 140 கோடிப் பேர் வாழும் இந்தியாவுக்குச் சுமார் 3,750 பேர் போதும். உள்துறை அமைச்சகத்தையே கலைத்துவிடலாம். 1993 கோடையில் சுமார் 4,000 பேர் வாஷிங்டனில் கூடித் தியானம் செய்தனர். வன்முறைக் குற்றங்கள் 23 சதவீதம் வரை குறைந்ததாக இயக்கத்தின் ஆய்வாளர்கள் பின்னர் அறிவித்தனர். ஆனால், அந்நகரில் 1992-ல் 443 ஆக இருந்த கொலைகள் 1993-ல் 454 ஆயின. கொலைகள் கூடியும் குற்றம் குறைந்தது எப்படி என்றால், தியானம் நடக்காதிருந்தால் இன்னும் கூடியிருக்கும் என்பது விடை. இதற்காக 1994-ல் அமைதிக்கான இக் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

பிறகு அரசியல். 1992 பிரிட்டன் பொதுத் தேர்தலில் "இயற்கை விதிக் கட்சி" 300-க்கும் மேற்பட்ட தொகுதிகளில் போட்டியிட்டு அனைத்திலும் வைப்புத்தொகையை இழந்தது. வாக்குச்சாவடியில் கிடைக்காத ஆட்சியை அறிக்கையில் அமைத்துக்கொண்டனர். 2000-ல் "உலக அமைதிக்கான உலக நாடு" பிரகடனம் செய்யப்பட்டது. அதற்கு ஒரு மகாராஜா, அவருக்குக் கீழ் ராஜாக்கள், "ராம்" என்ற பெயரில் நோட்டுகள். ஒருகாலத்தில் ஒரு வாரச் சம்பளமாக இருந்த தொடக்கநிலைப் பயிற்சிக் கட்டணம், 2000-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் 2,500 டாலரை எட்டியது. நெதர்லாந்தின் விலோட்ராப் கிராமத்தில் 2008 பிப்ரவரி 5-ல் மகரிஷி காலமானார். அலகாபாதில் திரிவேணி சங்கமத்தின் அருகே உடல் தகனம் செய்யப்பட்டது. அதன்பின் இந்தியாவில் நடந்ததைச் சொல்வதற்கு ஆன்மிகம் தேவையில்லை. நொய்டா உள்ளிட்ட இடங்களில் இயக்கத்துக்கு இருந்த நிலங்களின் மீது நிர்வாகிகளுக்குள் மூண்ட வழக்குகளே போதும்.

இவ்வளவையும் சொன்னபின் இன்னொன்றையும் சொல்வதே நேர்மை. தியானத்தால் பயனே இல்லை என்பது உண்மையல்ல. உயர் ரத்த அழுத்தத்துக்கு மருந்தோடு துணைமுறையாக ஆழ்நிலைத் தியானத்தையும் பரிசீலிக்கலாம் என்று 2013-ல் அமெரிக்க இதயச் சங்கம் கூறியது. தியானம் குறித்த 813 ஆய்வுகளை 2007-ல் அமெரிக்க அரசு அமைப்பொன்று தொகுத்துப் பார்த்தபோது, பெரும்பாலானவை தரம் குறைந்தவை என்று தெரியவந்ததும் உண்மை. இருபது நிமிடம் கண்மூடி அமர்ந்ததால் நிம்மதியடைந்த லட்சக்கணக்கானோர் பொய் சொல்லவில்லை. அந்தச் சிறிய, உண்மையான நிம்மதியை முன்பணமாகக் காட்டித்தான் பெரிய பொய்கள் விற்கப்பட்டன. ரத்த அழுத்தம் குறைகிறது என்பதிலிருந்து நகரத்தின் குற்றம் குறைகிறது என்பதற்குத் தாவும் இடத்தில் நின்று கேள்வி கேட்டிருக்க வேண்டியவர்கள் அறிஞர்களும் அரசுகளும். அவர்களில் பலர் மேடையில் மாலையோடு அமர்ந்திருந்தனர்.

தில்லிக்கு இது புதிதல்ல. இந்திரா காந்திக்கு யோகா கற்பித்த தீரேந்திர பிரம்மசாரி, நெருக்கடிநிலைக் காலத்தில் எத்தனை அதிகாரத்தோடு வலம்வந்தார் என்பதும், ஜம்முவில் துப்பாக்கித் தொழிற்சாலை வைத்திருந்தார் என்பதும் தலைநகரின் பழைய செய்தியாளர்களுக்குத் தெரியும். அவரது யோகாசிரமம் இருந்த அசோகா சாலை வளாகத்தில் மத்திய அரசின் யோகா நிறுவனம் இயங்குகிறது. அதற்கு மொரார்ஜி தேசாயின் பெயர் சூட்டப்பட்டிருப்பது வரலாற்றின் குறும்பு. கட்சிகள் மாறின, குருமார்கள் மாறினர், நிலமும் விலக்கும் வழங்கும் வழக்கம் மாறவில்லை.

2015-ம் ஆண்டு நிதிச் சட்டம், வருமான வரிக்கான "அறப்பணி" என்ற வரையறைக்குள் யோகாவையும் சேர்த்தது. 2017-ல் சரக்கு, சேவை வரி வந்தபோது, பதிவு பெற்ற அறக்கட்டளைகள் ஆன்மிகத்தையும் யோகாவையும் வளர்க்க ஆற்றும் சேவைகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. பள்ளிக்கூடம் நடத்தும் அறக்கட்டளை அங்கீகாரம், ஆய்வு, தேர்வு எனப் பல வாசல்களைக் கடக்க வேண்டும். மருத்துவமனை நடத்துபவரை நுகர்வோர் ஆணையத்துக்கு இழுக்கலாம். நோயைக் குணப்படுத்தும் மந்திர மருந்து என்று விளம்பரம் செய்தால் தடுக்க 1954-லேயே சட்டம் வந்தது. ஆனால், இத்தனை ஆயிரம் ரூபாய் கட்டினால் உள்ளம் விடுதலை பெறும், ஊரில் குற்றம் ஒழியும் என்று சொல்வதற்கு எந்த அனுமதியும் தேவையில்லை. பணம் கட்டியவர் பாதியில் விலகினால் கட்டணம் திரும்பக் கிடைக்குமா, முகாமில் ஒருவருக்கு மனநலம் குலைந்தால் யார் பொறுப்பு, ஆசிரமத்தில் தங்கி ஊதியமின்றி உழைத்தவருக்கு என்ன பாதுகாப்பு என்ற கேள்விகளுக்கு விதிகளில் விடையில்லை.

வரிவிலக்கு பெறும் தியான அமைப்புகள் தங்கள் கட்டணங்களையும், அரசு வழங்கிய நிலங்களின் விவரத்தையும், தாம் உரிமை கோரும் பலன்களுக்கு உள்ள சான்றுகளையும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்று விதிப்பது மதத்தில் தலையிடுவதாகாது. விலகியவர்களின் புகார்களைக் கேட்க மாவட்ட அளவில் ஓர் அதிகாரி இருந்தால் போதும். அதற்குத் தனிச் சட்டம்கூடத் தேவைப்படாது. அடுத்த டிசம்பர் 21-க்குள், ரிஷிகேஷ் போன்ற வனநிலக் குத்தகைகள் எத்தனை இன்னும் நிலுவையில் உள்ளன, அவற்றில் எத்தனை காலாவதியாகிவிட்டன என்ற பட்டியலை மட்டுமாவது நாடாளுமன்றத்தில் வைக்கட்டும்.