மூன்று நோட்டும் ஒரு ரசப்பொடியும்

அலங்காநல்லூரில் மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் ஜல்லிக்கட்டு. அன்று வாடிவாசலில் காளைகள் துள்ளும். வீடுகளில் அடுப்பு துள்ளும்! உறவு, உறவுக்கு உறவு என்று வாசலில் செருப்பு குவிந்துவிடும். போன பொங்கலுக்கு அக்கா வீட்டில் நாங்கள் மூன்று சகோதரிகளும் கூடியிருந்தோம். வருகிறவர்களுக்கெல்லாம் ரசம் வைக்க, மொத்தமாகப் பொடி அரைத்துவிடுவது என்று முடிவாயிற்று.

அம்மாவின் ரசப்பொடிப் பக்குவம் எங்கள் மூவரிடமும் உண்டு. கல்யாணமாகிப் போகும்போது ஆளுக்கொரு நோட்டில் எழுதிக்கொண்டு போனது. அக்காவின் நோட்டுதான் முதலில் கைக்குக் கிடைத்தது. அதன்படி சாமான் வறுத்து மில்லுக்குப் போயிற்று. மத்தியானம் அப்பா ஒரு வாய் ரசம் சாதம் வைத்தார். இரும ஆரம்பித்தவர், இலையை மூடிவிட்டார்.

"இது உங்க அம்மா பொடி இல்லையேம்மா" என்றார், மெதுவாக.

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அம்மா சொல்லச் சொல்ல எழுதினதுப்பா!" என்றாள். தங்கை தன் நோட்டைக் கொண்டு வந்து பிரித்தாள். அப்பாவுக்கு வயிற்றுப் புண் வந்த வருஷம், அம்மா மிளகைப் பாதியாகக் குறைத்திருக்கிறார். அப்போது கூட இருந்தவள் தங்கை. அவள் நோட்டில் மட்டும் திருத்தம் இருக்கிறது. மூன்று நோட்டிலும் தலைப்பு ஒன்றுதான்: 'அம்மா ரசப்பொடி'. உள்ளே இருப்பதுதான் வேறு!

கூடத்தில் உட்கார்ந்திருந்த அக்கா மகள், மதுரையில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள், சிரித்துவிட்டாள். "சித்தி, இதே தப்பு எங்க ஆபீஸிலும் நடந்துச்சு!" என்றாள். அவள் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன், சகோதரிகளே. கம்ப்யூட்டர் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். சமையல்கட்டு சமாசாரம்தான்.

நாம் எழுதும் நிரலைக் கம்ப்யூட்டருக்குப் புரியும் பாஷையாக மாற்றித் தருவது கம்பைலர். பெரிய நிரலைப் பல கோப்புகளாக எழுதுவார்கள். கம்பைலர் ஒவ்வொன்றையும் தனித்தனியே மாற்றும். பிறகு லிங்கர் என்பது எல்லாவற்றையும் ஒன்றாகக் கோத்துவிடும். அடிக்கடி வேண்டிய சிறு கணக்குக்கு 'இன்லைன்' என்று அடையாளம் போட்டு, அதைப் பல கோப்புகளிலும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு தடவையும் வேறு இடத்துக்கு ஓடிக் கேட்காமல், கணக்கை அந்த இடத்திலேயே பொதிந்துவிட்டால் வேகம் கூடும் என்பதுதான் ஆதி யோசனை. இப்போதெல்லாம் பொதிவதா வேண்டாமா என்பதைக் கம்பைலரே தீர்மானிக்கிறது. சி பிளஸ் பிளஸ் மொழியில் இன்லைன் என்ற சொல் இன்று முக்கியமாகக் கொடுப்பது ஓர் அனுமதி: 'இதே கணக்கு பல கோப்புகளில் இருக்கலாம், ஆனால் எல்லாம் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.' லிங்கர் அவற்றில் ஒன்றை, பெரும்பாலும் முதலில் கைக்குக் கிடைத்ததை, வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும்.

இரண்டு பிரதிகள் வேறாக இருந்தால்? அங்கேதான் ஆபத்து. எச்சரிக்கை கொடுத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் அதற்குக் கிடையாது. சத்தமில்லாமல் ஏதோ ஒன்று நிலைத்துவிடும், எங்கள் அக்கா நோட்டு நிலைத்த மாதிரி!

அவள் ஆபீஸில் ஓவர்டைம் கணக்கு. முன்பு ஒரு மணிக்குக் குறைந்த நேரத்தைத் தள்ளிவிடுவார்கள். பிறகு அரை மணியும் சேரும் என்று விதி மாறியது. நிரலைத் திருத்தினார்கள், ஆனால் ஒரு பகுதியை மறுபடி கம்பைல் செய்ய மறந்துவிட்டார்கள். லிங்கர் பழைய பிரதியை எடுத்துக்கொண்டது. இரவு வேலைக்கு வரும் பெண்களுக்குக் கூலி குறைந்தது. கம்ப்யூட்டர் போட்ட கணக்கு தப்பாகுமா என்று யாரும் பார்க்கவில்லை. அந்தப் பெண்களில் ஒருத்தி தன் கைப்பையில் இருந்த சின்ன நோட்டில் நேரத்தைக் குறித்து வைத்திருந்தாள். அவள் கேட்ட பிறகுதான் தப்பு வெளிவந்தது. பாக்கியும் கைக்கு வந்தது.

காப்பி எடுப்பதில் தப்பு வருவது புதிதல்ல. கிரேஸ் ஹாப்பர் என்ற அமெரிக்க அம்மையார், 1944-ல் ஹார்வர்டில் மார்க் 1 என்ற பிரம்மாண்ட யந்திரத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கேயும் நோட்டுதான்! கணக்கு முறைகளை ஒருவர் நோட்டிலிருந்து ஒருவர் எழுதிக்கொள்வார்கள். 'பி' என்ற ஆங்கில எழுத்து 13 ஆகிவிடுமாம். 4 என்பது 'ஏ' ஆகிவிடுமாம். காப்பி எடுக்கும் வேலையை யந்திரத்துக்கே விட்டால் என்ன என்று நினைத்த அம்மையார், 1952-ல் 'ஏ-0' என்ற நிரலைச் செய்தார். நம்பரைச் சொன்னால் நாடாவில் இருக்கும் கணக்கை அதுவே எடுத்துக் கோத்துவிடும். கம்பைலர்களுக்கு முன்னோடி ஒரு பெண்மணி என்பது நமக்குப் பெருமைதானே!

2020-ல் சி பிளஸ் பிளஸ் மொழிக்கு 'மாட்யூல்' என்ற புது ஏற்பாடு வந்தது. நோட்டைக் காப்பி எடுத்துத் தருவதற்குப் பதில், ஒரு வீட்டில் பொடி அரைத்து மற்றவர்களுக்கு அனுப்புவது போல. கணக்கு ஒரே இடத்தில் இருக்கும். மற்றவர்கள் பெயரைச் சொல்லி வாங்கிக்கொள்வார்கள். முன்பு ஒரு வகுப்புக்குள் எழுதிய கணக்கெல்லாம் தானாகவே இன்லைன் ஆகிவிடும். மாட்யூலுக்குள் அப்படியில்லை, பொதுவாக, வேண்டுமென்று வெளிப்படையாக எழுதினால்தான். உள்ளே பக்குவத்தை மாற்றினாலும் மற்ற வீடுகளில் மறுபடி அடுப்பு மூட்ட வேண்டாம்.

"அப்போ இன்லைனே வேண்டாமா?" என்று கேட்டேன்.

"தாளிப்பைத் தபாலில் அனுப்ப முடியுமா சித்தி? சின்ன வேலை, அந்தந்த இடத்திலேயே நடந்தால்தான் ருசி. அதுக்கு இன்லைன் வேணும்" என்றாள். பேச்சில் அவள் பாட்டிதான்!

அன்று சாயங்காலமே தங்கை நோட்டுப்படி வேறு பொடி அரைத்தோம். இனி அரைப்பது தங்கை வீட்டில் மட்டும்; எங்கள் இருவருக்கும் டப்பாவில் வரும். தாளிப்பு அவரவர் கைப்பாடு. அக்கா தன் நோட்டில் பழைய அளவை அடித்துவிட்டு, ஓரத்தில் 'தங்கையைக் கேள்' என்று எழுதினாள். ராத்திரி அப்பா இரண்டாம் தடவை ரசம் கேட்டு வாங்கினார்.

உங்கள் வீட்டிலும் அம்மா பக்குவம் இரண்டு மூன்று நோட்டில் இருக்கும். பேறுகால மருந்து, குழந்தைக்கு உரை மருந்து என்று அளவு பிசகக்கூடாத சங்கதிகள் எத்தனை! அடுத்த முறை அக்கா தங்கைகள் கூடும்போது, நோட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு தடவை ஒத்துப் பாருங்கள். தலைப்பை மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள்.