குப்பிக்கு ஆண்டு உண்டு, கொழுந்துக்கு?

மெல்பேர்ன் வாழ் நம்மவர் சிலருக்குப் பழைய அவுஸ்திரேலிய வைன் சேர்ப்பதில் தனிப் பெருமை. எனக்கும் அந்த மயக்கம் உண்டு. மக்ஸ் ஷூபேர்ட் 1951இல் பரீட்சார்த்தமாக வடித்த பென்ஃபோல்ட்ஸ் கிரேஞ்சை நிறுவனம் நிறுத்தச் சொன்னபின்பும், 1957 முதல் 1959 வரை அவர் இரகசியமாக வடித்தார். அக்குப்பிகளை எண்ணி உருகுவோருக்கு நமுனுகுல மலைச்சாரல் மட்டும் ஏன் கண்ணில் படுவதில்லை?

யூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட கச்சான் காற்று வீசுகையில் கொழுந்தின் வளர்ச்சி தளர்கிறது. அந்த வாட்டமே ஊவாத் தேயிலைக்குப் புதினாவை ஒத்த குளிர்மணத்தைத் தருகிறது. ஆண்டுக்காண்டு காற்று மாறும், சுவையும் மாறும். வைனுக்கு அது மகிமை. நமது தேயிலையோ பெரும்பாலும் பிறவற்றோடு கலக்கப்பட்டு, தோட்டத்தின் பெயரும் ஆண்டும் இழந்தே கப்பலேறுகிறது. 1890இல் ஊவாவின் தம்பதென்ன தோட்டத்தை வாங்கிய லிப்டன் பொதியில் பொறித்தது தன் பெயரை!

நாட்கூலி 1000 ரூபாவை எட்ட 2021 வரை போராட வேண்டியிருந்தது. கூலி கேட்டால், தேயிலைக்கு விலை இல்லை என்கின்றன கம்பனிகள். பெயரை அழித்துவிட்டு விலையை எங்கே தேடுவது? குப்பியின் ஆண்டை மனப்பாடமாகச் சொல்லும் நண்பர்களே, தேயிலைக் கடையிலும் ஒருமுறை கேளுங்கள்: எந்தத் தோட்டம், எந்த ஆண்டு?