தருமபுரியா, தர்மபுரியா? கூகுளுக்கு ரெண்டும் ஒண்ணு இல்ல

குடிதண்ணியில ஃப்ளோரைடு எவ்வளவு வரைக்கும் இருக்கலாம்? இந்தக் கேள்வியை அப்படியே இங்கிலீஷ்ல கூகுள்ல அடிச்சுப் பாருங்க. லிட்டருக்கு 4 மில்லிகிராம் என்ற எண் உங்க கண்ணில் பட நிறைய வாய்ப்பு இருக்கு. அது பொய் இல்லை. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வைத்திருக்கும் சட்டப்பூர்வ உச்ச வரம்பு அதுதான். ஆனா நம்ம நாட்டுக்கு ஐஎஸ் 10500 என்ற தரநிலையில் இருக்கும் அளவு 1 மில்லிகிராம். வேற தண்ணியே கிடைக்காத இடத்தில் மட்டும் 1.5 வரை போகலாம். உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் 1.5 தான்.

அப்போ 3 மில்லிகிராம் ஃப்ளோரைடு உள்ள ஒரு போர்வெல் தண்ணி அமெரிக்கக் கணக்கில் பாஸ். நம்ம கணக்கில் உச்ச அளவைப் போல ரெண்டு மடங்கு. வேற ஊர்க்காரங்களுக்கு இது வெறும் பொது அறிவுக் கேள்வி. பென்னாகரம், பாலக்கோடு பக்கம் இருந்து பஸ் ஏறி காலேஜ் வர்றவங்களுக்கு அப்படி இல்லை. மஞ்சளும் பழுப்புமா கறை படிஞ்ச பல் நம்ம வகுப்பிலேயே இருக்கு. மூட்டு மடங்காத தாத்தா பாட்டி நம்ம தெருவிலேயே இருக்காங்க.

தப்பு கூகுள் மேல இல்லைன்னுதான் நான் சொல்லுவேன். 1998-ல் ஸ்டான்ஃபோர்டில் படிச்ச லாரி பேஜும் செர்கே பிரின்னும் கூகுளைத் தொடங்கினப்போ அவங்க கொண்டுவந்த முக்கியமான யோசனை பேஜ்ரேங்க். ஒரு பக்கத்துக்கு மத்த பக்கங்கள் கொடுக்கும் லிங்க்கை ஓட்டு மாதிரி எண்ணு, பெரிய பக்கம் போடுற ஓட்டுக்கு மதிப்பு அதிகம். அதுக்கப்புறம் நூத்துக்கணக்கான விஷயங்கள் சேர்ந்தாச்சு. வார்த்தையை மட்டும் இல்லாம அர்த்தத்தையும் ஓரளவு புரிஞ்சுக்குது. ஆனாலும் அடிப்படை அப்படியேதான் இருக்கு. நிறைய பேர் எழுதி, நிறைய பேர் லிங்க் கொடுத்த விஷயம் மேலே வரும். அமெரிக்காவில் பல ஊர்களில் பல்லுக்கு நல்லதுன்னு குடிதண்ணியில ஃப்ளோரைடைச் சேர்க்கிறாங்க, அதைப் பத்திச் சண்டையும் போடுறாங்க. அதனால அவங்க பக்கங்கள் குவிஞ்சு கிடக்கு. நம்ம பிரச்சினை அதுக்கு நேர் எதிர், எடுக்கணும். அதைப் பத்தி எழுதினவங்க குறைவு.

அதனால நாம மாத்திக்க வேண்டியது ஒண்ணுதான். நம்ம மனசில இருக்கும் கேள்வியை அடிக்கக் கூடாது. நமக்கு வேண்டிய பக்கத்தை எழுதினவர் அதில் என்ன வார்த்தை போட்டிருப்பார்னு யோசிச்சு அதை அடிக்கணும். மேலே சொன்ன கேள்வியோட ஐஎஸ் 10500-ன்னு சேர்த்துப் பாருங்க, அமெரிக்கா பின்னாடி போயிடும். "ரிமூவல்" என்று தேடுறதுக்குப் பதிலா "டீஃப்ளூரிடேஷன்" என்று தேடுங்க, ஏன்னா இந்தத் துறைக்காரங்க எழுதுற வார்த்தை அது. கூடவே "நல்கொண்டா" என்று போட்டா, படிகாரமும் சுண்ணாம்பும் வச்சு ஃப்ளோரைடைப் பிரிக்க நாக்பூரின் நீரி நிறுவனம் உருவாக்கின முறை வரும். அதுக்கு அந்தப் பேர் வந்ததே தெலங்கானாவில் நம்மளை மாதிரியே ஃப்ளோரைடால் கஷ்டப்படுற மாவட்டத்தால்தான். "வீட்டிலேயே தண்ணியைச் சுத்தம் செய்வது எப்படி" என்று கேட்டா ஆர்ஓ மெஷின் விக்கிறவங்கதான் வரிசையா நிப்பாங்க.

இப்போ நம்ம ஊர்ப் பேருக்கு வருவோம். இதை யாரும் சொல்லித் தர்றதில்லை.

அரசு எழுதுறது தருமபுரி. நாம பேசுறதும், பாதிப் பேர் எழுதுறதும் தர்மபுரி. ரெண்டையும் தனித்தனியா அடிச்சா மேலே வரும் பக்கங்கள் மாறும். ஃப்ளோரைடுக்கோ கேட்கவே வேண்டாம்: ஃப்ளோரைடு, புளோரைடு, ஃபுளூரைடு, புளூரைடு. இங்கிலீஷ்ல ஒரே ஸ்பெல்லிங் உள்ள வார்த்தைக்குத் தமிழ்ல நாலு. யூகேஜியிலிருந்து இங்கிலீஷ் மீடியத்தில் படிச்ச எனக்கு இதில் எது சரின்னு கேட்டா பதில் இல்லை. தேடுறதுக்கு எது சரிங்கிறது முக்கியமும் இல்லை, நாலையும் அடிக்கணும். இங்கிலீஷ்லயும் நம்ம ஊர்ப் பேர்கள் ஒழுங்கா இல்லை. அரூருக்கு முன்னாடி ஒரு எச் வந்து ஒட்டிக்குது. ஒகேனக்கல்லுக்கு ஒரு கே-வா ரெண்டு கே-வான்னு ஆளுக்கு ஒரு மாதிரி எழுதுறாங்க.

அதோட இன்னொரு தர்மபுரியும் இருக்கு. தெலங்கானாவில் ஜகித்யால் மாவட்டத்தில், கோதாவரிக் கரையில், லட்சுமி நரசிம்மர் கோயில் உள்ள ஊர். இங்கிலீஷ்ல ரெண்டு ஊருக்கும் ஒரே ஸ்பெல்லிங். நிஜாமாபாத் எம்.பி. அரவிந்தின் குடும்பப் பேரும் தர்மபுரி. செய்தி தேடினா அவரும் நடுவில் வந்து நிப்பார். அவரை ஒண்ணும் சொல்ல வேண்டாம். தேடலில் தெலங்கானா, நிஜாமாபாத் ரெண்டுக்கும் முன்னாடி இடைவெளி விடாம ஒரு மைனஸ் குறி போட்டாப் போதும்.

பேர் ஒரே மாதிரி இருந்தும் மாவட்டம் மாறினதுதான் இதைவிடப் பெரிய சிக்கல். 1965 அக்டோபர் 2-க்கு முன்னாடி தருமபுரி மாவட்டம்னு ஒண்ணு கிடையாது, நாம சேலம் மாவட்டம். அதனால நம்ம ஊரோட பழைய ஏரி, கிணறு, பஞ்சம் பத்தித் தேடுறவங்க சேலம்னுதான் தேடணும். 1883-ல் லெ ஃபானு தொகுத்த மேனுவலும், 1918-ல் ரிச்சர்ட்ஸ் எழுதின கெசட்டியரும் சேலம் பேரில்தான் இருக்கு. அதுக்கும் முன்னாடி, ரீடும் மன்றோவும் நிலம் அளந்த 1790-கள் வேணும்னா பாராமகால்னு தேடணும். இன்னொரு பக்கம், 2004 பிப்ரவரியில்தான் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆச்சு. 2001 சென்சஸில் "தருமபுரி மாவட்டம்" என்று வரும் எண்ணில் ஓசூரும் இருக்கு, ஓசூரின் ஃபேக்டரிகளும் இருக்கு. அதை எடுத்து 2011 எண்ணுக்குப் பக்கத்தில் வச்சு கிராஃப் போட்டா மாவட்டமே சுருங்கின மாதிரி தெரியும். ரெவ்யூவில் யாராவது ஏன்னு கேட்டா என்ன சொல்லுவோம்?

தண்ணி விஷயத்தில் இதே மாதிரி ஒரு கோடு 2013-ல் விழுது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், முழுப் பேரில் ஃப்ளோரோசிஸ் தடுப்பும் சேர்ந்தே இருக்கு, 2008-ல் அடிக்கல் நாட்டி 2013-ல் செயல்பாட்டுக்கு வந்தது. காவிரித் தண்ணி குழாயில் வர்றதுக்கு முன்னாடி எழுதின ஆய்வும் அப்புறம் எழுதின ஆய்வும் கூகுளில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். "இந்த மக்கள் போர்வெல் தண்ணியை மட்டுமே குடிக்கிறார்கள்" என்று படிச்சா முதல்ல வருஷத்தைப் பாருங்க. தேடும்போதே ஆஃப்டர்னு இங்கிலீஷ்ல அடிச்சு, ஒரு கோலன் வச்சு, ஒட்டி 2013-ன்னு போட்டா பழையது பெரும்பாலும் வடிகட்டப்படும். பிஃபோர்னு போட்டா அதுக்கு நேர்மாறு.

மத்த குறிகளைச் சீக்கிரம் சொல்லிடறேன், யூடியூப்ல ஆயிரம் வீடியோ இருக்கு. சொற்றொடர் அப்படியே வேணும்னா மேற்கோள் குறிக்குள்ள போடுங்க. ஃபைல்டைப், கோலன், பிடிஎஃப் என்று அடிச்சா ரிப்போர்ட்டுகள் மட்டும் வரும். எனக்குப் பிடிச்சது சைட். கோலனுக்கு அப்புறம் ஒரு தளத்தோட முகவரியைக் கொடுத்தா அதுக்குள்ள மட்டும் தேடும். இந்த ஒகேனக்கல் திட்டத்துக்குக் கடன் கொடுத்தது ஜப்பானின் ஜெய்க்கா. அவங்க தளத்துக்குள்ள ஒகேனக்கல்னு தேடுங்க. ஏன் இந்தத் திட்டம், என்ன செலவு என்பதெல்லாம் மதிப்பீட்டு அறிக்கையா இருக்கு. நம்ம ஊர் தண்ணியைப் பத்தித் தெரிஞ்சுக்க ஜப்பான் வழியா போக வேண்டியிருக்குன்னு சிரிப்பாவும் இருக்கு, கொஞ்சம் கடுப்பாவும் இருக்கு. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் தளத்திலும் இதே மாதிரி தேடலாம்.

எந்தக் குறி போட்டாலும் வராத பக்கங்களும் உண்டு. தமிழ்நாடு அரசு யூனிகோடை அதிகாரப்பூர்வமா ஏத்துக்கிட்டது 2010-ல், கோவை செம்மொழி மாநாட்டு நேரத்தில். அதுக்கு முன்னாடியும், சில இடத்தில் அதுக்கு அப்புறமும், வானவில் மாதிரி ஃபான்டில் அடிச்ச கோப்புகள் ஏராளம். திறந்து பார்த்தா அழகான தமிழ். அதிலிருந்து ஒரு வரியைக் காப்பி பண்ணி ஒட்டினா இங்கிலீஷ் எழுத்தும் கிறுக்கலும்தான் வரும். கூகுள் பார்க்கிறதும் பெரும்பாலும் அந்தக் கிறுக்கலைத்தான். அங்கே துறையோட தளத்துக்குப் போய் ஒவ்வொண்ணா திறந்து பார்க்கிறதைத் தவிர வழி இல்லை.

"இவ்வளவு எதுக்கு, ஏஐகிட்ட கேட்டா சொல்லிடுமே"ன்னு ஜூனியர்ஸ் கேட்பீங்க. நானும் தினமும் கேட்கிறவன்தான். கூகுளே 2024-லிருந்து இந்தியாவில் முடிவுகளுக்கு மேலே ஏஐ சுருக்கம் போடுது. ஆனா அது படிக்கிறதும் இதே குவியலைத்தான். இங்கிலீஷ்ல நாடு பேர் சொல்லாம கேட்டா, அமெரிக்க அளவை நல்ல இலக்கணத்தோட சொல்லும் வாய்ப்பு அங்கேயும் இருக்கு. எந்த நாடு, எந்த வருஷம், எந்த தர்மபுரின்னு நாமதான் சொல்லணும். அதைச் சொல்லத் தெரிஞ்சா ஏஐயும் உருப்படியா வேலை செய்யும்.

முதல் செமஸ்டர்லயே இதுக்கு ஒரு லேப் வச்சா என்ன? சி ப்ரோக்ராமிங்குக்கு முன்னாடி ரெண்டு மணி நேரம் போதும். சிலபஸில் இல்லைன்னு சொல்லுவாங்க. லைப்ரரி ஹவர்னு ஒண்ணு டைம்டேபிளில் இருக்கு, அதில் என்ன நடக்குதுன்னு எல்லாருக்கும் தெரியும்.

கடைசியா சிவில் டிபார்ட்மென்ட் நண்பர்களுக்கு. ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்காக யாராவது ஊர் ஊரா போய் போர்வெல் தண்ணி எடுத்து டெஸ்ட் பண்றீங்க. எந்த ஊர், எந்த மாசம், எவ்வளவு ஃப்ளோரைடு என்ற டேபிள் உங்ககிட்ட இருக்கு. அந்த ஊர்க்காரங்க தேடுறது அதைத்தான். அது பைண்டிங் போட்டு டிபார்ட்மென்ட் பீரோவில் இருக்கு. வைவா முடிஞ்சதும் அந்த டேபிளையும் ரெண்டு பக்கச் சுருக்கத்தையும் தமிழ்ல, யூனிகோடில் அடிச்சு நம்ம இதழுக்கு அனுப்புங்க, போடுறோம். தலைப்பில் தருமபுரி, தர்மபுரி ரெண்டும் இருக்கட்டும். ஃப்ளோரைடுக்கு நாலு ஸ்பெல்லிங்கும் உள்ளே எங்கேயாவது வந்துடட்டும். ஊர்ப் பேரை அந்த ஊர்க்காரங்க எப்படிச் சொல்றாங்களோ அப்படியே எழுதுங்க.