விடுமுறை மனையும் தேனீப் பெட்டியும்

விருந்தினர்க்கு மனையை வாடகைக்கு விடுவோர் யாவராயினும் இரண்டு கடமைகளைத் தம்மேல் ஏற்றுக்கொள்ளுகின்றனர். வந்தவர்க்கு இன்பம் அளித்தல் ஒன்று. அவர்க்குத் தீங்கு நேராமற் காத்தல் மற்றொன்று. அம்மனையின் தோட்டத்திலே உயிர்ப்பிராணிகளையும் அவர் வளர்ப்பாராயின், அவ்வுயிர்களைப் பசியின்றிப் பேணுதல் என்னும் மூன்றாவது கடமையும் அவரைச் சாருகின்றது. இம்மூன்றாவது கடமை மறக்கப்படுமிடத்து முதலிரண்டும் நிலைபெறா என்பதைச் சுட்டிக்காட்டவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

குமரி மாவட்டத்தின் மலையடிவாரத்திலே, ரப்பர்த் தோட்டங்களின் நடுவே, நாள் வாடகைக்கு விடப்படும் மனைகள் உள. சென்ற ஆடி மாதத்துத் தொடர் விடுமுறையில் நாம் சிலர் குடும்பங்களோடு அத்தகைய மனையொன்றிற் சென்று தங்கினோம். அதன் தோட்டத்தில் நீலமும் மஞ்சளுமாக வர்ணந் தீட்டிய நான்கு தேனீப் பெட்டிகள் இருந்தன. காண்பதற்கு அவை அழகாகவே இருந்தன. அவற்றைப் பற்றிய சொல் ஒன்றும், வருமுன்னரும் வந்தபின்னரும், நமக்கு அறிவிக்கப்படவில்லை. நம்முடன் வந்த ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி, விளையாட்டுப் பெட்டி என்றெண்ணி ஒன்றன் மேல்மூடியைத் தூக்கிவிட்டாள். நான்கு தேனீக்கள் அவள் கையிற் கொட்டின. மனையின் காவற்காரர் ஓடிவந்து சுண்ணாம்பு தடவினார். அதற்கு மேல் யாது செய்வது என்று அவர் அறியார். மனைக்குரியவரோ வெகுதூரத்து நகரில் இருந்தார். மாலைக்குள் வீக்கம் வடிந்தது, குழந்தை சிரித்தாள். நமக்கு மட்டும் அன்றிரவு உறக்கம் வரவில்லை.

மறுநாட் காலை, அண்டையிலிருந்த தேனீ வளர்ப்பவர் ஒருவரைக் காவற்காரர் அழைத்து வந்தார். அப்பெரியவர் புகை காட்டி, பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். தேனறைகளில் ஒரு துளித் தேனும் இல்லை. இரண்டு பெட்டிகள் முற்றும் வெறுமையாகி, அடைகளை மெழுகு அந்தின் புழுக்கள் வலைபின்னி அரித்திருந்தன. எஞ்சிய இரண்டிலும் மூன்று அடைகளை மூடத்தக்க ஈக்களே ஒட்டிக்கொண்டிருந்தன. "தேனெடுக்கிற மாதத்துக்கு ஆள் வந்தது, பட்டினி மாதத்துக்கு ஆள் வரவில்லை" என்று சொல்லி, அவர் சர்க்கரைப் பாகு காய்ச்சுவித்துச் சிரட்டைகளில் ஊற்றிப் பெட்டிகளுள் வைத்தார். அவர் சொன்ன அவ்வொரு வாக்கியமே நாம் எழுதக் கருதியதன் சாரமாகும்.

அவர் சொல்லின் பொருள் விளங்க, இவ்விடத்துத் தேனின் பருவத்தை அறிதல் வேண்டும். ரப்பர் மரம் ஆண்டிறுதியையொட்டி இலையுதிர்த்து மறுபடி துளிர்க்கும்போது, அதன் இளந்தளிர்க் காம்புகளிலுள்ள சுரப்பிகள் மதுவைச் சுரக்கின்றன. தை முதல் பங்குனி வரையில் தேனீக்கள் பெரும்பாலும் இதனையே சேர்க்கின்றன. பின்னர்த் தென்மேற்குப் பருவமழை தொடங்கி ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் மது அரிதாகின்றது. மழையினால் ஈக்கள் வெளியே பறப்பதும் குறைகின்றது. அக்காலத்துக்கென்றே அவை தேனைச் சேமித்தன. அச்சேமிப்பை நாம் எடுத்துக்கொள்வோமாயின், ஈடாகச் சர்க்கரைப் பாகேனும் கொடுத்தல் நீதியன்றோ? கொடாவிடின் நம் நாட்டு அடுக்குத் தேனீ கூட்டை விட்டு ஓடிவிடும். அன்றேற் பட்டினியால் மடியும்.

நிற்க. இப்பெட்டி நம் நாட்டிற்கு வந்த வரலாறும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. அடைகளுக்கிடையே ஏறத்தாழ அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு இடைவெளி விடப்படுமாயின் தேனீக்கள் அதனை அடைப்பதில்லை என்னும் உண்மையைக் கொண்டு, கழற்றி மாட்டத்தக்க சட்டங்களையுடைய பெட்டியை 1851-இல் வகுத்தவர் அமெரிக்கப் போதகராகிய லாங்ஸ்திராத் என்பார். நம் நாட்டுச் சிறிய தேனீக்கு ஏற்ற அளவிற் பெட்டியை அமைத்து, 1911 முதல் 1917 வரை தென்னாட்டார் பலர்க்கு அத்தொழிலைப் பயிற்றியவர் திருச்சிராப்பள்ளியிலிருந்த நியூட்டன் பாதிரியார். இன்றும் அவர் பெயராலேயே அப்பெட்டி வழங்கி வருகின்றது. அந்நாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த மார்த்தாண்டத்திலே, வை.எம்.சி.ஏ. சங்கத்தாரின் கிராமப் புனருத்தாரண நிலையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் என்பவர், 1920-களில் ஏழைக் குடியானவர்களின் துணைத்தொழிலாக இதனை வளர்த்தார். இவர்கள் பெட்டியை மட்டும் கொடுத்தாரல்லர். பெட்டியோடு பயிற்சியையும் கொடுத்தனர். பேணுவாரின்றிப் பெட்டி மாத்திரம் நிற்பதை அவர்கள் தேனீ வளர்ப்பு என்று கருதியிரார். 1991-92 ஆண்டுகளில் தாய் ஸாக்புரூட் என்னும் நச்சுயிரி நோய் தென்னாட்டுத் தேனீக் குடும்பங்களிற் பெரும்பகுதியை அழித்தது. அதன்பின் இத்தொழிலை மறுபடி நிலைநிறுத்தியவர்களும் பொறுமையுடன் பெட்டிகளைக் கண்காணித்தவர்களே.

ஆயின், வாடகை மனைகளிற் பெட்டிகளையே வைத்தலாகாது என்று நம்முட் சிலர் வாதித்தனர். அவர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. தேனீயின் நஞ்சு பெரும்பாலார்க்கு நோவும் வீக்கமுமே தரும். ஒருசிலர்க்கோ முகம் வீங்கி, மூச்சுத் திணறி, உயிருக்கே ஆபத்தை விளைவிக்கும். அந்நிலையில் சுண்ணாம்பு உதவாது. கணமும் தாழாது மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும். மேலும், ஒரு தேனீ கொட்டியவிடத்து எழும் வாடை ஏனைய ஈக்களையும் சினமூட்டும். எனினும், ஆபத்துடையதை எல்லாம் விலக்குவோமாயின் கிணறும் அடுப்பும் நம் மனைகளில் இரா. விருந்தினரின் பிள்ளைகள் பூவிலிருந்து தேன் வரும் வகையைக் கண்ணாரக் காண்பது நகரத்திற் கிட்டாத கல்வி. ஆதலின், விலக்குதலினும் ஒழுங்குபடுத்துதலே தக்கது என்பது எமது கருத்து.

அவ்வொழுங்குகள் கடினமானவையல்ல. முதலாவது, பெட்டிகளைத் திறந்து பார்க்க அறிந்த ஒருவர், மனைக்குரியவரேனும் அண்டையிலுள்ள தேனீ வளர்ப்பவரேனும், வாரந்தோறும் வருதல் வேண்டும். அவர்க்குரிய கூலியை வாடகையிலிருந்து கொடுக்கலாம். தேனில் ஒரு பங்கும் கொடுக்கலாம். இரண்டாவது, மனையை அமர்த்துவோர்க்குப் பணம் பெறுமுன்னரே பெட்டிகள் உள என்பதை அறிவித்தல் வேண்டும். நஞ்சு ஒவ்வாதவர் வேறிடம் தேடிக்கொள்வர். மூன்றாவது, நடைபாதைக்கும், குழாயடிக்கும், ஊஞ்சலுக்கும் விலகிப் பெட்டிகளை வைத்து, முன்னே ஆளுயர வேலி வளர்த்தல் வேண்டும். அதனால் ஈக்கள் தலைக்கு மேலாகவே பறக்கும். பெட்டியின் வாயில் இரவு விளக்கை நோக்கியிருத்தல் ஆகாது. எறும்பேறாதபடி கால்களின் கீழ் நீர்க்கிண்ணமும் வேண்டும். நான்காவது, கொசுவுக்கென்று மருந்துப்புகை அடிக்கும் தோட்டத்திலே தேனீயை வைத்தல் பாதகம். ஐந்தாவது, விருந்தினர்க்குத் தேன் பரிசளிக்குமிடத்து, ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு அதனைக் கொடுத்தலாகாது என்பதையும் சொல்லியனுப்புதல் கடன்.

இவற்றைச் செய்ய இயலாதவர் யாது செய்வது? கொட்டுந் தன்மையற்ற கொசுத் தேனீயை அவர் வளர்க்கலாம். அது தரும் தேன் சிறிதே; ஆயினும் சிறுவர் அருகிருந்து காணலாம். அதுவும் இயலாதெனின் துளசியும் தும்பையும் முருங்கையும் நட்டு விட்டுவிடலாம். அண்டையார் பெட்டியிலுள்ள தேனீக்கள் தாமே வந்து, தம் வேலையை முடித்துத் தம் வீடு செல்லும். அவ்விருந்தினரால் ஒருவர்க்கும் பாரமில்லை.

நம் கல்லூரி மாணவருள் விடுமுறை மனைகளைத் தேடிச் செல்வோர் பலர். அத்தகைய மனைகளை உடைய குடும்பத்தாரும் சிலர். முன்னவர், தோட்டத்திற் பெட்டியைக் கண்டால் இதனைப் பேணுபவர் யார் என்று கேட்பாராக. பின்னவர், அக்கேள்விக்கு விடையளிக்கத்தக்கவராய் இருப்பாராக. நாம் அம்மனையை விட்டுப் புறப்பட்ட நாளில் மழை சற்றே ஓய்ந்திருந்தது. சிரட்டையிலிருந்த பாகு தீர்ந்துபோயிருந்தது. நான்கு பெட்டிகளுள் இரண்டின் வாயிலில் ஈக்கள் போக்குவரத்துச் செய்துகொண்டிருந்தன. காவற்காரர் அடுத்த பாகுக்குச் சர்க்கரை நிறுத்துக்கொண்டிருந்தார். பாகு காய்ச்சும் விதத்தை அவர் கற்றுக்கொண்டுவிட்டார். நாம் கொடுத்த வாடகைக்கு அம்மனையில் நடந்த நற்காரியம் அது ஒன்றே என்று எண்ணியவாறே திரும்பினோம்.